அண்ணா மாற்றச் சொன்ன எஞ்சின்

அன்பான உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் அண்ணாவின் படமும் தேவாரங்களும் குடும்பத்தாரின் பெயர்களும் உள்ளன. முறை தெரிந்த பெரியவர்கள் அவற்றைத் தொகுத்துத் தந்தார்கள். இந்தப் பக்கங்களை மட்டும் நான் எழுதுகிறேன். "தம்பி, அண்ணரைப் பற்றி நீதான் எழுதோணும். வீட்டில படிச்சதெண்டு இருக்கிறது நீ ஒருத்தன்தானே" என்று அண்ணி சொன்னார்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செத்த வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் மண்டபத்துக்கு வெளியே நின்று கதைத்தது என் காதில் விழுந்தது. "நோய் வருத்தத்தோட இருந்த மனுசன், கடைசிக் காலத்தில அந்தப் பழங்காரோட மாரடிச்சவராம். ஓடுற எஞ்சின் ஒண்டை வாங்கிப் போடாமல் பழசைத்தான் திருத்துவன் எண்டு நிண்டவராம்." அவர்கள் அதைத் தீமையாகச் சொல்லவில்லை. ஆனால் நடந்தது அதற்கு நேர்மாறு. அண்ணாவை அனுப்பிவைக்கும் இந்த நேரத்தில் அது சரியாக எழுதப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அண்ணா யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையோரத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசி. இடையில் மூன்று அக்காமார். அப்பா லொறிகளில் மூட்டை ஏற்றியவர். அவருடைய முதுகு முறிந்து படுக்கையில் விழுந்தபோது அண்ணா எட்டாம் வகுப்பில் இருந்தார். அப்பா ஏற்றிய அதே லொறியில் அண்ணா கிளீனராகப் போனார். வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வரும் லொறி அது. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அந்த லொறியை எரித்தார்கள். சாரதி அதற்குள்ளேயே எரிந்தார். தான் தப்பிய விதத்தை அண்ணா யாருக்கும் சொன்னதில்லை. கேட்டால் "ஓடினன்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

கிழக்கு பேர்லின் வழியாக மேற்குப் பக்கம் வந்து சேர்ந்த அந்தக் காலத்துப் பெடியளில் அண்ணாவும் ஒருவர். மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரில் அகதி முகாமில் போட்டார்கள். அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. உணவகங்களில் சட்டி கழுவினார். பிறகு கொலோனுக்கு வெளியே, ரைன் ஆற்றின் மறுகரையில், பழைய கார்களைப் பிரித்து நசுக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. வருகிற காரில் எண்ணெயும் பெற்றோலும் வடித்து, உதவக்கூடிய பாகங்களைக் கழற்றி, மிச்சத்தை நசுக்கும் இயந்திரத்துக்குக் கொடுப்பது அண்ணாவின் வேலை. இந்தக் கோடை வரைக்கும் அந்த வேலையைத்தான் செய்தார். அந்த உழைப்பில்தான் மூன்று அக்காமாரும் கரைசேர்ந்தார்கள். அப்பாவும் அம்மாவும் மரியாதையாகப் போய்ச் சேர்ந்தார்கள். நான் இங்கே வந்தேன்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு அண்ணா ஒரு பெற்றோர் கூட்டத்தையும் விட்டதில்லை. வேலை உடுப்போடு வந்து, பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்காலை மடக்கி உட்காருவார். பத்து நிமிடத்தில் நித்திரையாகிவிடுவார். ஒரு முறை என் வகுப்பு ஆசிரியை, இவனுக்குக் கைத்தொழில் பள்ளிக்கூடம் போதும் என்று சொன்னபோது மட்டும் விழித்துக்கொண்டார். "கைத்தொழிலுக்கு வீட்டில நான் இருக்கிறன்" என்று தன் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னார். ஆசிரியை சிரித்துவிட்டார். நான் மேலே படித்தேன். எஞ்சினியரிங் முடித்துப் பட்டம் வாங்கினேன். எங்கள் வீட்டில் அது முதல் தடவை. இதைச் சொல்வது பெருமைக்கு அல்ல. அந்தப் பட்டம் பின்னால் இந்தக் கதைக்குள் வருகிறது.

காரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதில் ஏறியிருந்து படம் எடுக்காத பிள்ளை நம் சனத்தில் இல்லை. என்றாலும் அது வந்த கதை சிலருக்குத் தெரியாது.

அது அறுபதுகளில் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார். எட்டுச் சிலிண்டர், நீண்ட மூக்கு, இரண்டே கதவு. பலத்துக்காகவே செய்த வகை. அமெரிக்கக் கார்களை இங்கத்தைய மனிதர்கள் "அமி" என்று சுருக்கிச் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் அதற்கு அதுவே பெயராகிவிட்டது. சொந்தக்காரர் இறந்து, பல ஆண்டுகள் ஒரு கொட்டகையில் கிடந்து, நசுக்குவதற்காக அண்ணா வேலை செய்த இடத்துக்கு வந்தது. நசுக்கும் பொத்தானை அமர்த்த வேண்டியவர் அண்ணாதான். அவர் அமர்த்தவில்லை. முதலாளியிடம் போய், இதை எனக்குத் தாருங்கள் என்று கேட்டார். "பின்னேரத்துக்குள்ளே என் கண்ணில் படாமல் கொண்டுபோ" என்றார் முதலாளி. அண்ணாவோடு வேலை செய்த டீற்றர் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, எங்கள் வீட்டுத் தொகுதிக்குப் பின்னால் இருந்த கராஜில் விட்டார். அது பத்து வருடக் கதை.

அந்தப் பத்து வருடத்தில் அண்ணா துருவை வெட்டி எடுத்தார், பிரேக் செய்தார், இருக்கைகளைத் தைப்பித்தார். மிஞ்சியது எஞ்சின் மட்டுமே. ஸ்டார்ட் பண்ணினால் பின்னால் நீலப் புகை வரும். அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்கும். தெருவுக்குக் கொண்டுபோக முடியாது. வேறு எஞ்சின் வாங்கிப் போடு என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணா கேட்கவே மாட்டார். எஞ்சினில் பொறித்திருந்த இலக்கமும் காரின் அடிச்சட்டத்தில் பொறித்திருந்த இலக்கமும் ஒன்று. "பொருத்தம் பாத்துக் கட்டினது. பிரிக்கக்கூடாது" என்பார்.

சிவா அண்ணையை எல்லோருக்கும் தெரியும். மரக்கறிக் கடை வைத்திருக்கிறார், அண்ணாவோடு முகாமில் ஒரே அறையில் இருந்தவர். அவர் வரும்போதெல்லாம், "மச்சான், இது எப்ப ஓடும்?" என்பார்.

"உன்ர பேரனின்ர கலியாணத்துக்கு."

"எனக்கு மகளே பத்து வயசடா."

"அதுதான், அவசரமில்லை."

அண்ணி தன் பங்குக்கு, "அந்தக் கிழவிக்குக் குளிருமெண்டு போர்வை வாங்கினவர். எனக்கொரு சால்வை வாங்கித் தரேல்லை" என்பார். அவருக்கும் அந்தக் காரில் ஆசைதான். கோபம் வந்தால் அவரும் அதற்குள்தான் போய் உட்காருவார்.

இந்த வருடத் தொடக்கத்தில் அண்ணாவின் மகள் ஆரணி பெரியபிள்ளை ஆனாள். கனடாவிலிருந்து இரண்டு அக்காமாரும் வரக்கூடியதாக, பூப்புச் சடங்கான சாமத்திய வீட்டைச் செப்டெம்பரில் வைப்பது என்று முடிவாகி மண்டபமும் பிடித்தாயிற்று. "பிள்ளை அமியிலதான் வந்து இறங்குவாள்" என்று அண்ணா அறிவித்தார். அதற்கென்றால் எஞ்சினுக்கு இப்போதே வழி பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, கராஜில் நாங்கள் நால்வர் கூடினோம். அண்ணா, டீற்றர், சிவா அண்ணை, நான். எஞ்சின்களைத் திருத்தும் ஒரு பட்டறையில் நான் பயிற்சிக்கு நின்றிருந்தேன். எஞ்சினைக் கழற்றித் தந்தால் சிலிண்டர்களைக் கடைந்து, கிராங்க் என்ற சுழல்தண்டைத் தீட்டித் தருவதாக அவர்கள் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பத்து வருடமாக அண்ணா காத்திருந்த செய்தி அது. சந்தோசமாகச் சொன்னேன்.

"வேண்டாம்" என்றார் அண்ணா. "எஞ்சினை மாத்துவம்."

சிவா அண்ணை பகிடி என்று நினைத்துச் சிரித்தார். "எங்கை மச்சான் உன்ர பொருத்தம்?"

"பொருத்தம் கிடக்கட்டும். ஒல்லாந்தில ஒருத்தன் இதே வகை எஞ்சின் ஒண்டு வைச்சிருக்கிறான். ஓடுற எஞ்சின். ரெண்டு சனிக்கிழமை வேலை."

டீற்றருக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து வந்து அண்ணாவின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் ஏதுமா?" என்று டொச்சில் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அண்ணாவும் சிரித்தார்.

நான் விடவில்லை. ஒல்லாந்து எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இலக்கம் பொருந்தாவிட்டால் இது இன்னொரு பழங்கார்தானே? செப்டெம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறதே? படித்தவன் என்ற எண்ணத்தில் கடதாசியில் படம்கூடக் கீறிக் காட்டினேன்.

"தம்பி" என்றார் அண்ணா. "எனக்கு இந்தக் காரை ஓடவேணும். அவ்வளவுதான்."

"செப்டெம்பரில ஓடுவீங்கள்தானே?"

"இந்தக் கோடையில ஓடவேணும்."

"ஏன் அண்ணா, அடுத்த கோடை வராதோ?"

அவர் கையில் இருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரல்கள். பிறகு எங்கள் மூவரையும் பார்த்தார். மூவரும் ஒரே பக்கம். அவர் பத்து வருடம் சொன்னதையே திருப்பி அவருக்குச் சொல்லிக்கொண்டு நின்றோம்.

"சரி" என்றார். "திறவுங்கோ."

உறவுகளே, பழசைத் திருத்தவேண்டும் என்று நின்றவர்கள் நாங்கள். அண்ணா மாற்றத்தான் சொன்னார்.

மே மாதம் எஞ்சின் வெளியே வந்தது. கழற்றிய பாகங்களை ஐஸ்கிறீம் பெட்டிகளில் போட்டு அடுக்கினோம். பெரிய வார்ப்பிரும்புப் பகுதி, சிலிண்டர்கள் இருக்கும் அந்த புளொக், பட்டறைக்குப் போனது. பட்டறையில் வேலை நெருக்கம். எங்கள் முறை வரக் காத்திருந்தோம். உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்த கோடை இது. தெருவில் போன ஒவ்வொரு காரிலும் கொடி பறந்தது. டீற்றரும் ஒரு கொடியைக் கொண்டுவந்து, எஞ்சின் இல்லாத அமியின் மூக்கில் செருகிவிட்டுப் போனார். அண்ணா ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு கராஜ் வாசலில் இருந்து, ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவுவார். உடம்பு மெலிந்துகொண்டு வந்தது. வயிற்றில் புண், டொக்டர் உறைப்பை நிற்பாட்டச் சொன்னவர் என்றார். அண்ணி உறைப்பில்லாமல் சமைத்தார். நாங்கள் நம்பினோம்.

யூலைக் கடைசியில் பட்டறையிலிருந்து தொலைபேசி வந்தது. புளொக்கில் வெடிப்பு. ஒரு சிலிண்டரின் சுவரிலிருந்து தண்ணீர் ஓடும் அறை வரைக்கும் மயிரிழை போல ஓடுகிறது. உள்ளே இரும்புக் குழாய் இறக்கித் திருத்தலாம், ஆனால் மாரிகாலம் வந்துவிடும் என்றார்கள். நான் அதைச் சொன்னபோது அண்ணா கோபிக்கவில்லை. "அப்ப மாத்துவம்" என்றார், ஏப்ரலில் சொன்ன அதே குரலில். எழுந்து கராஜ் கதவைப் பிடித்தார். கதவோடு சேர்ந்து கீழே சரிந்தார். வாயால் வந்தது இரத்தம்.

ஆசுப்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் அம்மா எங்களை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் பேசிய பின்புதான் எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அவருக்கு விளங்கியது. "ஏப்ரலிலேயே அவருக்கு எல்லாம் விளக்கினோமே. வீட்டில் தானே சொல்வதாகச் சொன்னாரே" என்றார். இரைப்பையில் புற்றுநோய். ஈரலுக்கும் போய்விட்டது. நோயை மாற்ற முடியாது, மருந்து ஏற்றினால் கொஞ்சக் காலம் கூட்டித் தரலாம் என்று அப்போது சொல்லியிருக்கிறார்கள். செப்டெம்பருக்குப் பிறகு ஏற்றுகிறேன் என்று அண்ணா பதில் சொல்லியிருக்கிறார். அதை அண்ணிக்கு நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிமிடத்தைப் பற்றி எழுத எனக்கு ஏலாது.

ஏப்ரல். எஞ்சினை மாற்றுவோம் என்று அவர் சொன்னதற்கு முந்திய கிழமை.

"ஏன் அண்ணா சொல்லேல்லை?" என்று கட்டிலருகில் நின்று கேட்டேன்.

"நல்ல காரியத்துக்கு நாள் வைச்ச வீட்டில கெட்ட கதை கதைக்கிறதே? சடங்கு முடியட்டும் எண்டு இருந்தனான்."

"மருந்தாவது ஏத்தியிருக்கலாம்."

"மயிர் கொட்டினால் சனத்துக்குத் தெரிஞ்சிடும். பிறகு பிள்ளையின்ர சடங்குக்கு வாறவை என்னைப் பாத்தெல்லோ அழுவினம்."

நம் சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நல்ல காரியம் முடியும் வரைக்கும் நோயையும் சாவையும் மூடிவைப்பது நம் எல்லா வீடுகளிலும் நடக்கிறது. அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அண்ணா எங்களோடு வாதாடிய அந்தச் சனிக்கிழமையை நான் நினைத்துப் பார்க்கிறேன். அவரிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. அதை அவர் சொல்ல முடியாமல் நின்றார். எங்களிடம் நூறு காரணம் இருந்தது, ஒன்றும் உண்மை இல்லை. வயதில் சிறியவன் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பழக்கத்தை இனி விடுவோம்.

அண்ணி ஒரு நாள் முழுக்க அண்ணாவோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் சோற்றைக் குழையக் கரைத்துக்கொண்டு போனார். "இஞ்சாருங்கோ, இனி ஏதும் ஒளிச்சியளெண்டால் உங்கட கிழவியை நானே கொண்டுபோய் நசுக்கிப்போடுவன்" என்றார்.

"எண்ணெயை வடிச்சுப்போட்டு நசுக்கும். இல்லாட்டி அபராதம் எழுதுவாங்கள்" என்றார் அண்ணா.

சடங்கை நிற்பாட்டுவோம் என்று அக்காமார் கனடாவிலிருந்து அழுதார்கள். அண்ணா மாட்டேன் என்றுவிட்டார். அந்த ஓகஸ்டில் ஊரில் மறுபடியும் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்கான பாதையைப் பூட்டினார்கள். ஊரில் இருக்கும் எங்கள் நடு அக்கா வெளியே வர வழியில்லாமல் போனது. அண்ணாவைக் கடைசியாக அவர் பார்த்தது இருபது வருடத்துக்கு முன்பு, சந்தியில் பஸ் ஏறும்போது.

ஒல்லாந்து எஞ்சினைச் சிவா அண்ணை தன் கடை வானில் கொண்டுவந்தார். டீற்றர் விடுமுறை எடுத்தார். அண்ணா சொன்னபடியே இரண்டு சனிக்கிழமையில் வேலை முடிந்தது. கடைசிச் சனிக்கிழமை ஆசுப்பத்திரியில் கேட்டு அண்ணாவைச் சில மணித்தியாலம் வெளியே கொண்டுவந்தோம். சாவியைத் திருப்பினேன். இரண்டாம் தரம் பிடித்துக்கொண்டது. கராஜின் தகரக் கதவு அதிர்ந்தது. புகை இல்லை, தட்டும் சத்தம் இல்லை.

அண்ணா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "இது வேற ஆளின்ர குரல்" என்றார். உடனேயே, "பரவாயில்லை. நல்ல குரல்" என்றும் சொன்னார்.

அவரைச் சாரதி இருக்கையில் ஏற்றினோம். பத்து வருடம் எத்தனையோ தரம் அதில் இருந்திருக்கிறார், ஓடும் எஞ்சினோடு அதுதான் முதல் தடவை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தடவினார். பிறகு இடது காலைக் கிளச்சில் வைத்து அமர்த்தினார்.

அந்தக் காலத்துக் கார்களின் கிளச் கடுமையானது. சுகமான ஆளுக்கே கால் உளையும். அண்ணாவின் கால் பாதிவரைக்கும் போய் நின்றது. காலை எடுத்து மறுபடியும் வைத்தார். மூன்றாம் தரம் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக் கீழே தள்ளினார். டீற்றர் திரும்பி நின்று கருவிகளை அடுக்கத் தொடங்கினார். சிவா அண்ணை கராஜுக்கு வெளியே போனார். எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் அந்தக் கால் அந்தக் கிளச்சை மிதித்திருக்கும். மே முழுக்க, யூன் முழுக்க மிதித்திருக்கும். இது யாருடைய குற்றமும் இல்லை என்று டீற்றர் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்குத் தெரியவில்லை.

"நீ இரு தம்பி" என்று சொல்லிவிட்டு, அண்ணா மெல்ல மெல்லப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தார்.

சடங்கு நாளில் காரை நான்தான் ஓடினேன். நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துப் புறப்பட்டோம். ஆரணி சேலையும் நகையுமாகப் பின்னால் இருந்தாள். அண்ணா முன்னால், என் பக்கத்தில். கோட்டுக்குள் இரண்டு சுவெற்றர் போட்டிருந்தார், மெலிவு தெரியக்கூடாது என்று.

"அப்பா, எல்லாரும் திரும்பிப் பாக்கினம்" என்றாள் ஆரணி.

"உன்னைத்தான் குஞ்சு பாக்கினம்."

மண்டபத்துக்குத் திரும்பும் சந்தி வந்தது. "நேரே போ" என்றார் அண்ணா. "ஒட்டோபானுக்கு ஏறு."

"அண்ணா, மண்டபம் அங்காலை இல்லை."

"எனக்கு வழி தெரியும். ஏறு."

அந்த அதிவேக நெடுஞ்சாலையில் ஏறினேன். வேகம் கூடக் கூட அண்ணாவின் முதுகு இருக்கையோடு ஒட்டியது. நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய இடது கால், எதுவும் இல்லாத இடத்தில், தரைவிரிப்பை மிதித்தது. ஒவ்வொரு முறையும், சரியான நேரத்துக்கு. கைத்தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வெளிவழியில் இறங்கித் திரும்பி வந்தபோது நல்ல நேரம் கழிந்துவிட்டது. ஐயர் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். கனடா அக்கா வாசலில் வைத்தே என்னை ஏசினார். அன்று பிந்தியதன் காரணத்தைப் பலர் கேட்டீர்கள், தெருவில் நெரிசல் என்று பொய் சொன்னேன். இதுதான் காரணம்.

அதன் பிறகு அண்ணா வீட்டில் கொஞ்ச நாளும் ஆசுப்பத்திரியில் கொஞ்ச நாளும் இருந்தார். மருந்து ஏற்றினார்கள், தாங்கவில்லை. ஒரு நாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "பழைய புளொக் எங்கை?" என்று கேட்டார்.

"கராஜில இருக்கண்ணா. ஆறுதலா குழாய் இறக்கித் திருத்தலாம். பிறகு திருப்பிப் போடலாம்."

"நீ இன்னும் ஏப்ரலிலதான் நிக்கிறாய்" என்றார். சிரிக்க முயன்றார், இருமல் வந்தது. "இரும்புக்குக் குடு."

ஒக்டோபர் முடியுமுன் ஒரு காலை, அண்ணி முகம் கழுவப் போன நேரம் பார்த்து அண்ணா போய்விட்டார். அதையும் ஒளித்துத்தான் செய்தார் என்று அண்ணி சொல்கிறார்.

சென்ற கிழமை டீற்றரும் நானும் அந்த புளொக்கை ஏற்றிக்கொண்டு போய், அண்ணா வேலை செய்த இடத்தில் கொடுத்தோம். பாரம்தூக்கி அதைத் தூக்கி மற்ற இரும்போடு போட்டது. குவியலில் விழுந்த பிறகு அது எது என்று எனக்குத் தெரியவில்லை. இலக்கத்தையாவது வெட்டி வைத்திருக்கலாம் என்று திரும்பி வரும் வழியில் டீற்றர் சொன்னார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆனால் அண்ணா அப்படிச் சொல்லவில்லை.

அண்ணாவின் துன்பத்தில் பங்கெடுத்தவர்களை நினைக்கிறேன். எங்களுக்கு விளங்கும்படி பொறுமையாகப் பேசிய டொக்டர் அம்மாவுக்கும், பார்வையாளர் நேரம் முடிந்தும் எங்களை வெளியே அனுப்பாத தாதிமாருக்கும், விடுமுறையை எங்கள் கராஜில் கழித்த டீற்றருக்கும், கடையைப் பூட்டிவிட்டு ஒல்லாந்துக்கு ஓடிய சிவா அண்ணைக்கும், வேலையை நிற்பாட்டி அண்ணாவின் பெட்டியைத் தோளில் சுமந்த அவருடைய வேலைத்தல நண்பர்களுக்கும், செத்த வீட்டுக்கும் எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கும் சமைத்துத் தந்த அயலவருக்கும், கிரியைகளைச் செய்துதந்த ஐயருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வர முடியாமல் ஊரில் இருந்தபடியே அண்ணாவுக்காக விளக்கேற்றிய நடு அக்காவுக்கு இந்த மலரின் முதல் பிரதி போகிறது. பாதை திறந்ததும் போய்ச் சேரும்.

இன்று முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் நீங்கள் மண்டப வாசலில் அமியைக் கண்டிருப்பீர்கள். அதை விற்கப் போவதில்லை. போர்வை போட்டு மூடியும் வைக்கப் போவதில்லை. சாவி அண்ணியிடம் இருக்கிறது. சாப்பிட்டு முடிந்த பிறகு, லைசென்ஸ் உள்ளவர்கள் யாரென்றாலும் கேட்டு வாங்கி ஒரு சுற்று ஓடிவிட்டு வாருங்கள். இன்னொரு நாள் பார்ப்போம் என்று போய்விடாதீர்கள்.

ஒன்றைமட்டும் கவனியுங்கள். கிளச் கடுமை. காலை நன்றாக அமர்த்தி, அடிவரைக்கும் மிதிக்க வேண்டும்.